அடுக்களைப் பக்கம்: கண் திட்டமும் எழுத்துத் திட்டமும்



திருப்பதியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற தம் தாயாரின் சமையல் நோட்டுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. அதில் பிறந்தநாள் பாயசத்திற்கு, "வெல்லம் வேண்டிய மட்டும், தண்ணீர் கண் திட்டம், பதம் வந்ததும் இறக்கவும்" என்று எழுதியிருக்கிறதாம். "தெலுங்குப் பள்ளியில் படிக்கும் என் மகள் தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள். இதை அவள் கையில் கொடுத்து என்ன பயன்?" என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பின. இப்பால் தங்கியவர்களும், பின்னர் உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் நாடி வந்தவர்களும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாகக் காலம் கழிக்கிறோம். நாவின் ருசி பேரப்பிள்ளை வரையில் வந்துவிடுகிறது. எழுத்து அப்படி வருவதில்லை.

கண் திட்டம் மட்டமானதென்று நான் சொல்லமாட்டேன். அடுப்பருகே நின்று பார்த்துக் கற்பவளுக்கு அதுவே போதும். ஆனால் மகள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள், தாயார் சித்தூரில் இருக்கிறார் என்றால் யார் அருகே யார் நிற்பது? உறவுப் பெண்கள் ஓயாமல் செய்முறை கேட்டதன் பயனாகவே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டார்.

திட்டம் என்றதும் மலையப்பன் மடைப்பள்ளி நினைவுக்கு வருகிறது. திருமலையில் லட்டுக்கான பொருள்களின் அளவுப் பட்டியலுக்குத் 'திட்டம்' என்றே பெயர். பத்திரிகைகளில் வெளிவந்த பட்டியலின்படி ஏறக்குறைய 5,100 லட்டுகளுக்குக் கடலைமாவு 180 கிலோ, சர்க்கரை 400, நெய் 165, முந்திரி 30, திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4 கிலோ. கிலோவைக் கிராமாக்கிப் பாருங்கள்: ஐந்து லட்டுக்குரிய அளவு கிடைக்கிறது! பிரசாதத்தின் மகிமை வீட்டில் வராது. அது வேறு விஷயம். அளவு எழுதி வைத்திருப்பதனால் எத்தனை கைகள் மாறினாலும் லட்டு மாறாமல் நிற்கிறது.

பழைய நோட்டுகளில் பலம், ஆழாக்கு, படி என்று இருக்கும். ஒரு பலம் சுமார் 35 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. படி ஊருக்கு ஊர் வேறுபட்டது; ஆகையால் பாட்டியின் ஆழாக்கு இன்னும் பரணில் கிடந்தால் அதில் அரிசியை அளந்து, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பித்தளையைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டால் நோட்டும் பாதி ஊமையாகிவிடும்.

என் வீட்டுத் திட்டம் இரண்டு தருகிறேன்.

இராச் சாப்பாட்டிற்குக் கேழ்வரகுக் களி. அண்டை வீட்டார் சங்கடி என்பார்கள். கால் டம்ளர் அரிசியை மூன்று டம்ளர் நீரில் குழைய வேகவிட்டு உப்பிடுங்கள். ஒரு டம்ளர் மாவை நடுவில் குவித்து, கிளறாமல் மூடி, சிறு தீயில் பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு டம்ளர், காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு நான்கு பல், சிறிது புளி, உப்பு சேர்த்தரைத்த துவையல் இதற்கு ஜோடி.

குழந்தைகள் இப்போது பிறந்தநாளுக்குக் கேக்தான் வேண்டும் என்கிறார்கள். அதற்காகப் பாயசத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, இரண்டும் இருக்கட்டும். சித்தூர் வெல்லத்தில் முட்டையில்லாமல் செய்யும் கேக் இது. வெல்லம் 150 கிராமைக் கால் டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு விட்டால் தயிர் திரிந்துவிடும். கேழ்வரகு மாவு, மைதா தலைக்கு 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, சிட்டிகை உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றை இரண்டு முறை சலியுங்கள். கெட்டித் தயிர் 150 மில்லி, எண்ணெய் 80 மில்லி, வெல்லப்பாகு ஆகியவற்றைக் கலந்து மாவில் விடுங்கள். மாம்பழக் காலத்தில் தயிரில் பாதிக்கு மாம்பழ விழுது சேர்க்கலாம்.

தயிரின் புளிப்பு பட்டவுடனே சோடா பொங்கத் தொடங்கிவிடும். அந்தக் காற்றுக் குமிழிகளே கேக்கை மிருதுவாக்குகின்றன. எனவே கலந்தபின் அரட்டைக்கு நிற்கக்கூடாது! கனத்த பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் முன்னரே காயவைத்திருக்க வேண்டும். நெய் தடவிய தட்டை உள்ளே இறக்கிச் சிறு தீயில் நாற்பது நிமிஷம். குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஆறிய பிறகே வெட்டுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: நோட்டை ஒரு பக்கம் தமிழில் அப்படியே பெயர்த்தெழுதி, எதிர்ப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். நீங்கள் வாசிக்க, மகள் தெலுங்கில் எழுதட்டும். இலக்கங்கள் இரு பக்கத்திலும் ஒன்றே. பாயசத்தை ஒரு முறை உங்கள் கைப்போக்கில் செய்யுங்கள். ஒவ்வொரு பிடி வெல்லம் போடுமுன்னும் அவள் தராசில் நிறுத்துவிடட்டும். கிடைத்த அளவை எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் பிரசுரிக்கிறேன்.