துருவிலிருந்து மீண்டவை

பழைய இரும்பு வியாபாரி ஒருவரால் சரித்திரம் பிழைத்தது என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் விஷயம் வாஸ்தவமே.

1968-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தோடு பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவி எஞ்சின்களுக்கு விடை கொடுத்தது. அதற்கு முன்பே, தென் வேல்ஸிலுள்ள பாரி என்னும் துறைமுக ஊரில், டாய் உட்ஹாம் என்பவர் 297 எஞ்சின்களை உடைப்பதற்காக வாங்கியிருந்தார். சுலபமாக உடையும் சரக்கு வண்டிகளில் அவர் முதலில் கைவைத்தார். எஞ்சின்களோ கடற்காற்றில் துருவேறி நின்றன. அந்தத் தாமதமே அவற்றுக்கு ஆயுளாயிற்று. அன்பர்கள் சங்கம் சேர்ந்து, பணம் திரட்டி, 213 எஞ்சின்களை மீட்டுச் சென்றார்கள்.

அவற்றுள் ஒன்று 'டியூக் ஆப் க்ளாஸ்டர்'. 1954-ல் பிறந்த இது, கரியை விழுங்கும், நீராவி போதாது என்ற கெட்ட பெயருடன் 1962-ல் ஒதுக்கப்பட்டது. 1974-ல் சிலிண்டர்கள் கூட இல்லாமல் கிடந்த அதைத் தொண்டர்கள் மீட்டு, 12 வருஷம் உழைத்தார்கள். அப்போதுதான், அடுப்புக்குக் காற்றுச் செல்லும் வழி வரைபடத்தில் கண்ட அளவைவிடக் குறுகியிருந்தது தெரிந்தது. அதைத் திருத்தி, புகைபோக்கி அமைப்பையும் மாற்றியதும், எஞ்சின் புதிதாயிருந்த காலத்தைவிட நன்றாக ஓடிற்று! உடைத்திருந்தால் பழிச்சொல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. கொதிகலனைச் சுமார் 10 வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் செப்பனிட வேண்டும். ஆகவே, எஞ்சினைக் காக்க விரும்புகிறவர்கள் அவ்வேலை தெரிந்த கைகளையும் காக்க வேண்டும். முதியோர் கற்ற தொழிலை இளைஞர் கையில் ஒப்புவிக்காவிட்டால், மீட்ட இரும்பு மறுபடியும் துருவுக்கே இரையாகும் என்பது நமது அபிப்பிராயம்.