உடைத்துப் பார்க்காத மதிப்பெண்

வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கு, கேட் பாஸை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிய கூட்டத்துக்கு நடுவே என் பழைய மாணவன் ஒருவன் நின்றிருந்தான். அத்திப்பட்டுப் பையன். “என்னப்பா, வெல்டரா சேந்துட்டியா?” என்றேன். “ஹெல்பர் சார்” என்றான். பக்கத்தில் ஒரு ஆலையில் ஒப்பந்தக்காரர் வைத்த வெல்டிங் சோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டானாம். மூன்றாவது முறை கூப்பிடவே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “நீங்க எனக்கு 92 போட்டீங்களே சார்?”

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

அந்த 92-ஐப் போட்டது நான்தான். ஐ.டி.ஐ.யில் ஒரு யூனிட்டுக்கு 20 பிள்ளைகள். ஒவ்வொரு ஜாப், அதாவது பயிற்சி வேலை, முடிந்ததும் ஒவ்வொரு பையனின் வேலையையும் பார்த்து, பச்சை அட்டைப் பதிவேட்டில் மதிப்பெண் எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். நான் செய்தது வேறு. வருடக் கடைசியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பினேன். ஒழுங்காக வருகிறவனுக்கு 90-க்கு மேல், சுமாரானவனுக்கு 80, வம்பு பண்ணுகிறவனுக்கு 75. மரியாதையாகப் பேசுவான், ஒருநாளும் லீவு போட மாட்டான் என்பதற்குக் கிடைத்தது அந்த 92. அவன் போட்ட ரூட், அதாவது இணைப்பின் அடி வரிசை, எப்படி இருந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஒப்பந்தக்காரர் வைத்த சோதனை என்ன? ஒரு பாய்லர் டியூபை இரண்டு துண்டாக்கி, 45 டிகிரி சாய்வில் நிறுத்திவிடுவார்கள். இதை ‘6ஜி’ என்பார்கள். டியூபைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் சாய்ந்தும் நிமிர்ந்தும் சுற்றி வர வேண்டும். முதல் ரூட் பாஸ் ஆர்கான் வெல்டிங்கில், மேலே நிரப்புவது ராடில். முடித்ததும் எக்ஸ்ரே. பிலிமை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கறுப்புப் புள்ளிகள் என்றால் காற்றுக் குமிழ். நடுவில் நூல் பிடித்தாற்போல் கறுப்புக் கோடு என்றால் ரூட் பிடிக்கவில்லை. பிலிமைப் படிக்கிறவருக்குப் பையனின் ஊரும் தெரியாது, மரியாதையும் தெரியாது. பிலிமின் ஓரத்தில் ஈய எழுத்தில் விழுந்திருக்கும் எண் ஒன்றுதான் தெரியும்.

இவ்வளவு கெடுபிடி வீம்புக்காக அல்ல. வள்ளூரில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று இருக்கின்றன. பாய்லருக்குள் ஆயிரக்கணக்கான டியூப் இணைப்புகள். அவற்றில் ஒன்று கசிந்தாலும் யூனிட்டை நிறுத்திக் குளிரவைத்த பிறகுதான் உள்ளே போக முடியும். சில இடங்களில் டியூபுக்குப் பின்னால் தலை நுழையாது. கையை மட்டும் விட்டு, சிறு கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி வெல்டிங் செய்ய வேண்டும். அதனால்தான் 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள், பாய்லரில் கை வைக்கும் வெல்டரைத் தனியாகச் சோதித்துத் தகுதி பெறச் சொல்கின்றன.

அந்தத் தகுதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். எந்த வெல்டிங் முறை, எந்த நிலை, எவ்வளவு தடிமன் வரை, எவ்வளவு விட்டம், எந்த வகை ராடு என்றெல்லாம் வரி வரியாக இருக்கும். நூற்றுக்கு இத்தனை என்று எதுவும் இருக்காது. ஏ.எஸ்.எம்.இ. என்னும் அமெரிக்க விதித்தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்துவிட்டால், அந்த முறைக்கான தகுதி தானாகக் காலாவதியாகிவிடும். கைப்பழக்கம் விட்டுப்போகும் என்று அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கொடுக்கும் மதிப்பெண் பட்டியலோ ஆயுளுக்கும் செல்லும். ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்தப் பையன் குழாயில் வெல்டிங் செய்வானா, தலைக்கு மேலே செய்வானா என்று யாராலும் சொல்ல முடியாது.

விதி சரியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மத்தியப் பயிற்சி இயக்குநரகம் வெளியிடும் பாடத்திட்டத்தில் மதிப்பீட்டுக்கு என்றே தனிப் பகுதி உண்டு. நடைமுறைத் தேர்வுக்கும் அகமதிப்பீட்டுக்கும் 60 சதவீதம் தேர்ச்சி; மற்றப் பாடங்களுக்கு 33. கருணை மதிப்பெண் கிடையாது. 60 முதல் 75 வரை வாங்குகிறவன் அவ்வப்போது வழிகாட்டினால் வேலையை முடிப்பவன்; 75 முதல் 90 வரை என்றால் சிறிதளவு உதவி போதும்; 90-க்கு மேலே என்றால் கிட்டத்தட்ட உதவியே தேவைப்படாதவன். மிச்சப்பட்ட ராடு, வீணான இரும்பு, பாதுகாப்பு இவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். மதிப்பீட்டுச் சான்றுகளை அடுத்த தேர்வு வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தணிக்கைக்குக் கேட்டால் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நான் 92 போட்டபோது, ‘இவனுக்கு என் உதவி தேவையில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. தணிக்கைக்கு வந்தவர்களும் பதிவேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்த்தார்கள். ஒரு ஜாப்பைக்கூட எடுத்து வரச் சொன்னதில்லை.

நடைமுறைத் தேர்வு நாளையும் சொல்லிவிடுகிறேன். வெளித்தேர்வாளராகப் பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன். ஒரே அளவில் வெட்டிய பிளேட்டுகள் ஒவ்வொன்றிலும் பஞ்ச் வைத்து எண் அடிப்போம். பக்கத்து மேஜையிலிருந்து ஜாப் கை மாறிவிடக் கூடாதே. அந்தக் கவனத்தில் குறை வைத்ததில்லை. மதியத்துக்கு மேல் ஜாப்புகள் வரிசையாக வரும். ஸ்லாக் என்னும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும். பீடு, அதாவது வெல்டிங் வரி, நேராக இருக்கிறதா, ஓரத்தில் அண்டர்கட் பள்ளம் இருக்கிறதா, ஸ்பேட்டர் துளிகள் தெறித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்போம். கேஜ் வைத்து அளப்போம். மார்க் போட்டுவிட்டு அடுத்தது. அழகான பீடுக்கு அடியில் ரூட் பிடிக்காமல் கிடக்கலாம் என்பது வெல்டருக்குத் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும். உடைக்காமலேயே அந்த ஜாப்புகள் ஸ்கிராப்புக்குப் போகும்.

இத்தனைக்கும் உடைத்துப் பார்க்கும் சோதனையைப் பாடமாக நடத்துவதே நாங்கள்தான். ஃபில்லட் இணைப்பை வைசில் பிடித்துச் சுத்தியலால் மடக்கி உடைப்பது. பட் இணைப்பின் இரு பக்கமும் ஹேக்ஸாவால் கீறிவிட்டு அடித்துப் பிளப்பது. இரண்டும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பிளந்த இடத்தில் ஸ்லாக் சிக்கியிருந்தால் கறுப்பாகத் தெரியும். ரூட் பிடிக்காத இடத்தில் பிளேட்டின் பழைய விளிம்பு வெட்டியபடியே இருக்கும். எக்ஸ்ரே வேண்டாம், லேப் வேண்டாம். ஒரு ஜாப்புக்கு ஐந்து நிமிடம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த பையனுக்கும் பார்த்த உடனே விளங்கிவிடும். நான் மணிக்கணக்கில் பேசி விளங்கவைக்க முடியாததை அந்த உடைந்த முகம் ஒரு நொடியில் காட்டிவிடும்.

‘கண்டிப்பு காட்டினால் ஏழைப் பிள்ளைகள்தான் அடிபடுவார்கள்’ என்று சக பயிற்றுநர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகச் சான்றிதழ் வாங்கப்போகிறவர்கள். மீன்பிடியும் துறைமுகக் கூலியும் பார்த்த குடும்பங்கள். அந்தப் பையனை எப்படி ஃபெயில் போடுவது? ஆனால் நான் போடாத ஃபெயிலை ஒப்பந்தக்காரர் போட்டுவிட்டார். என்னிடம் தோற்றிருந்தால் மறுநாள் காலையில் இன்னொரு பிளேட் வெட்டிக் கொடுத்திருப்பேன். பட்டறையில் மின்சாரமும் ராடும் அரசு செலவு. வெளியே தோற்றவனுக்கு யார் பிளேட் கொடுப்பார்கள்?

இந்தக் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. தேர்வு முறையை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். 2013-இல் செமஸ்டர் வந்தது. 2018-இல் மறுபடி ஆண்டு முறைக்கே திரும்பினோம். எழுத்துத் தேர்வு கணினிக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் எந்த மாற்றமும் அந்தப் பச்சை அட்டைப் பதிவேட்டைத் தொடவில்லை.

ஜெர்மனியில் தொழிற்பயிற்சித் தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்கார வேண்டும், கூடவே பள்ளி ஆசிரியரும் இருக்க வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நம்மூரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் லாரித் தொழிற்சாலை, காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம், வள்ளூரிலும் அத்திப்பட்டிலும் மின் நிலையங்கள். 20 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் மூத்த வெல்டர்களில் ஒருவரையாவது தேர்வு நாளில் எங்கள் பட்டறைக்கு அழைத்து வரலாம். ஓய்வுபெற்றவராக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய கண்ணுக்கு எந்தப் பையனும் செல்லப் பிள்ளை கிடையாது.

கிண்டியில் இருக்கும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தேசியச் சான்றிதழை மாற்ற டெல்லியின் அனுமதி வேண்டும். அகமதிப்பீடு நம் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு ஜாப்புகளையாவது உடைத்துப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உடைந்த துண்டில் பையனின் எண்ணை அடித்து, அடுத்த தேர்வு வரை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டை மூடிவிட்டு அந்தத் துண்டுகளை எடுத்துப் பார்க்கட்டும். மதிப்பெண் பட்டியலோடு ஒரு தாள் கூடுதலாகக் கொடுங்கள்: இந்தப் பையன் எந்தெந்த நிலையில், எத்தனை மில்லிமீட்டர் பிளேட்டில், எத்தனையாவது முயற்சியில் நல்ல இணைப்புப் போட்டான் என்று. 6ஜி வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள். அதைப் படிக்கிற ஒப்பந்தக்காரர், இவனை எதில் தொடங்கவைக்கலாம் என்றாவது தெரிந்துகொள்வார்.

அத்திப்பட்டுப் பையன் இன்னும் ஹெல்பர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீஞ்சூரில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் பழைய குழாய்த் துண்டுகளை வைத்துப் பழகுகிறான். போன வாரம் நான் போயிருந்தபோது ஒன்றை வைசில் வைத்து உடைத்துக் காட்டினான். அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ரூட் பிடிக்கவில்லை. இப்போது மார்க் போடச் சொன்னால் 60 போடுவேன்.

(கட்டுரையாளர், தொழிற்பயிற்சி நிலைய வெல்டர் பிரிவின் முன்னாள் பயிற்றுநர், தொழில் தேர்வு வெளித்தேர்வாளர்)