பளபளப்பில் இல்லை பலம்

ஹெப்பாள் என்றதும் பெங்களூர்வாசிகளுக்கு ஏரியும் மேம்பாலமும் நினைவுக்கு வரும். மைசூரிலும் ஒரு ஹெப்பாள் இருக்கிறது. நகரின் வடமேற்கே பரந்து கிடக்கும் தொழிற்பேட்டை அது. இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் சிப்பெட் நிறுவனம், லேத்தும் மில்லிங் மெஷினும் ஓடும் பட்டறைகள் எல்லாம் அங்கே அக்கம்பக்கம். சில கிலோமீட்டர் தள்ளி யாதவகிரியில்தான் ஐடியல் ஜாவா ஆலை இருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து ஜாவாவையும், பின்னர் யெஸ்டியையும் தயாரித்த அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது. எஞ்சினைப் பிரித்து, கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறந்துவிட முடியுமா என்று பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை.

அந்த ஆசையின் ஒரு வடிவம்தான் 'போர்ட்டிங்'. எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையைக் குடைந்து, வளைவுகளைத் திருத்தி, தடையைக் குறைக்கும் வேலை. காரில் இந்தப் பாதையின் முக்கியமான பகுதி இன்டேக் மேனிஃபோல்ட். கார்புரேட்டரிலோ த்ராட்டில் வால்விலோ தொடங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கிளையாகப் பிரியும் குழாய்க் கூட்டம். இப்போது பல கார்களில் இது பிளாஸ்டிக்காகிவிட்டது. முந்தைய தலைமுறையில் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அலுமினியம் மிருதுவானது, சீக்கிரம் கரையும். சபலத்துக்கு அதுவே காரணம்.

எஞ்சின் எவ்வளவு காற்றை விழுங்குகிறது? மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளலாம். மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால், முழுமையாக நிரம்பும் பட்சத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,390 லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் முழுமையாக நிரம்புவதில்லை. 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டாலும் வினாடிக்கு சுமார் 32 லிட்டர். பெரிய குடத்தால் இரண்டு குடத்துக்கும் மேல், ஒவ்வொரு வினாடியும். நிரம்பாமல் விடுபடும் அந்த 20 சதவீதத்தில்தான் போர்ட்டிங் செய்பவரின் கண் இருக்கிறது.

'அப்படியானால் குழாயைப் பெரிதாக்கி, கண்ணாடிபோல் பாலிஷ் செய்துவிட்டால் போயிற்று' என்பது பொதுவான நம்பிக்கை. இரண்டுமே பாதி உண்மைதான்.

முதலில் அளவு. காற்றுக்கு எடை உண்டு, வேகமும் உண்டு. 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும், ஓடிவந்த வேகத்தில் காற்று சிறிது நேரம் உள்ளே திணித்துக்கொண்டு போகும். அதற்காகவே வால்வு சற்றுத் தாமதமாக மூடும்படி வடிவமைக்கிறார்கள். குழாயை அளவுக்கு மீறிக் குடைந்தால் வேகம் விழுந்துவிடுகிறது. வாய்க்காலை அகலப்படுத்தினால் தண்ணீர் தேங்கித் தவழ்வதுபோல. உச்ச வேகத்தில் கொஞ்சம் லாபம் கிடைக்கலாம். ஆனால் நகர நெரிசலில், 2,000 - 3,000 சுற்றில், வண்டி சோம்பிப்போகும். சாலையில் ஓடும் கார் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தச் சுற்றுகளில்தான் கழிக்கிறது.

அடுத்தது பளபளப்பு. கார்புரேட்டர் வண்டியில் மேனிஃபோல்ட் வழியே போவது வெறும் காற்றல்ல; பெட்ரோல் துளிகள் மிதக்கும் காற்று. சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் துளிகள் அதில் படிந்து ஒழுகத் தொடங்கும். ஒரு சிலிண்டருக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்றாகிவிடும். லேசான சொரசொரப்பு இருந்தால் சுவரை ஒட்டிய காற்று கலங்கி, துளிகளை மறுபடி எடுத்துச் செல்ல உதவும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 80ஆம் எண் எமரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வால்வுக்கு அருகிலேயே பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்ஷன் எஞ்சினில் மேனிஃபோல்டுக்குள் காற்று மட்டுமே போகிறது. அங்கே பாலிஷால் கெடுதல் இல்லை. பெரிய நன்மையும் இல்லை.

லாபம் இருப்பது வேறு இடங்களில். வார்ப்பின்போது மணல் அச்சு நகர்ந்து உண்டான மேடுகள், ஓட்டின் விளிம்பில் துருத்தும் பிசிறுகள், கிளை பிரியும் இடத்தில் மொண்ணையாக நிற்கும் முனை ஆகியவற்றைத் திருத்தினால் பலன் உண்டு. அதைவிட முக்கியம் வளைவின் உட்பக்கம். திருப்பத்தில் வேகமாக வரும் பஸ் வெளிப்பக்கம் தள்ளப்படுவதைப்போல, காற்றும் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்குகிறது. உள்வளைவு கூர்மையாக இருந்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். அந்தச் சுழல் அடைத்துக்கொள்ளும் இடம், குழாயில் இல்லாத இடத்துக்குச் சமம். அனுபவமில்லாத கை முதலில் தேய்ப்பதும் இந்த உள்வளைவைத்தான், கிரைண்டருக்கு எட்டுவது அதுவே என்பதால். மழுங்க வேண்டிய இடம் இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

மேனிஃபோல்டும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடம் இன்னொன்று. அங்கே மேனிஃபோல்டின் வாய் பெரிதாகவும் ஹெட்டின் வாய் சிறிதாகவும் இருந்தால், பாய்ந்துவரும் காற்றுக்கு எதிரே ஒரு படி நிற்கும். முகப்பில் நீல மை பூசி, கேஸ்கெட்டை வைத்துக் கோடு கீறி, கோடு வரை தேய்ப்பது வழக்கம். ஆனால் போல்ட் துளைகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. மாட்டும்போது மேனிஃபோல்ட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் செய்த வேலை வீண். எனவே நகராமலிருக்க ஊசிகள் பொருத்திய பிறகே கோடு கீற வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் விளையாட்டு இன்னும் ஆபத்தானது. பழைய யெஸ்டியின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்டேக் வால்வே கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துவாரத்தை பிஸ்டனின் கீழ்விளிம்புதான் திறந்து மூடுகிறது. துவாரத்தின் அடித்தளத்தை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் அகலம் மட்டும் மாறுவதில்லை. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாறிவிடுகின்றன. மெதுவாக ஓடும்போது உள்ளே போன கலவை கார்புரேட்டர் வழியே திரும்பித் துப்பும். கம்பெனியே மூடிவிட்ட வண்டிக்கு அசல் சிலிண்டர் தேடுவது எவ்வளவு சிரமம் என்று யெஸ்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உலோகத்தை எடுத்துவிடலாம், திரும்ப வைக்க ஆர்கான் வெல்டிங், லேத், கூடவே அதிர்ஷ்டமும் வேண்டும்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்பதும் பலர் மறப்பது. ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை வறண்டு, சூடேறி, பிஸ்டன் பழுதாகலாம். மாறாக ஜெட்டைத் தாராளமாகப் பெரிதாக்கினால் புகைப் பரிசோதனையில் வண்டி தேறாது. தேய்த்த துகள்களைச் சரியாகக் கழுவாமல் மாட்டினால் அலுமினியத் தூளும் எமரி மணலும் நேரே சிலிண்டருக்குப் போகும்.

இந்தக் கலைக்குத் தென்னிந்தியாவில் கௌரவமான வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் வெளிநாட்டு உதிரிபாகங்கள் எட்டாக்கனி. கையில் இருந்த எஞ்சினை அரத்தாலும் பொறுமையாலும்தான் வேகப்படுத்தினார்கள். கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. பந்தயக்காரர்களுக்கு ஸ்டாப்வாட்ச் என்ற நீதிபதி இருந்தது. செய்த வேலை தவறென்றால் அடுத்த சுற்றிலேயே தெரிந்துவிடும்.

சாலை வண்டிக்கு அந்த நீதிபதி இல்லை. சத்தம் கூடினாலே சக்தி கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. சட்டமோ கண்டிப்பானது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019இன் திருத்தம் சேர்த்திருக்கிறது.

ஆசையை அடக்க முடியாதவர்கள் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'எதை வைத்து அளப்பீர்கள்?' காற்றோட்டத்தை அளக்கும் 'ஃப்ளோ பெஞ்ச்' இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேக்குவம் கிளீனரும், தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் குழாயும் போதும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக அளந்து ஒப்பிடலாம். பதிலாகப் பளபளக்கும் பழைய மேனிஃபோல்ட் ஒன்றை எடுத்துக் காட்டினால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது உத்தமம்.