பருவ மாற்றமும் துணையும்

மக்கள் வாழ்க்கை பல பருவங்களைக் கடந்து செல்வதாகும். ஒரு பருவம் கழிந்து மற்றொன்று தொடங்கும் இடமே இடர் மிகுந்தது. அவ்விடத்தில் யாருக்குத் துணை நிற்கிறோம், யாரைத் தனியே விடுகிறோம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோர் குழவிப் பருவத்தை எத்துணை நுட்பமாக நோக்கினர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரை, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனத் தொடங்கிப் பத்துப் பருவங்கள் வகுத்தனர். குழந்தை தலை நிமிர்த்துவதும், கை கொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் தனித்தனிப் பருவங்களாயின. உலா நூல்களோ பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக மகளிர்க்கு ஏழு பருவங்கள் கூறும். பெருவழக்கான கணக்கின்படி அவை 40 வயதோடு முடிவடைகின்றன. அதற்கப்பாற்பட்ட வாழ்வுக்கு அவ்வரிசையிற் பெயரே இல்லை.

இக்காலத்துச் சட்டமும் வயதைக் கணக்கிடுகிறது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதை முழுவயதாக்கிற்று. 1989 முதல் அவ்வயதினர்க்கு வாக்குரிமையும் உண்டு. ஆயினும், நாட்டை ஆள்வார் யாரெனத் தீர்மானிக்கும் உரிமை பெற்ற எம்போன்றாரை, எப்பாடம் பயில விருப்பம் என்று பல வீடுகளிற் கேட்பதில்லை. மணமகனை உறுதி செய்த பின்னரே பெண்ணுக்குச் செய்தி எட்டும் இல்லங்களும் உள. பதினேழு ஆண்டுகள் ஒன்றையும் தீர்மானித்துப் பழகாதவர், பதினெட்டாம் பிறந்தநாளன்று அத்திறனைத் திடீரெனப் பெறுவரோ?

இளைஞர் தவறுவர் என்றஞ்சியே தாம் முடிவு செய்வதாகப் பெற்றோர் கூறுவர். அக்கூற்றில் அன்பு உண்டு. ஆயினும், விழுமென்று அஞ்சி எந்தத் தாயும் குழவியை நடக்க விடாது தடுப்பதில்லை. கைக்கெட்டுந் தொலைவில் நின்று நடக்க விடுகிறாள். அம்முறையே எமக்கும் வேண்டும்.

முதுமையின் வாயிலிலும் இக்குறையே காண்கிறோம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு ஓய்வு வயது 2021-இல் 60 ஆயிற்று. ஓய்வு பெறுவார்க்கு மாலை சூட்டிப் பொன்னாடை போர்த்தி வழியனுப்புகிறோம். மறுநாட் காலை அவர் செய்வது யாதென எவரும் வினவுவதில்லை.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. பள்ளியிற் பாடப்பிரிவு தேர்தல் முதல் திருமணம் ஈறாக, இளைஞரின் கருத்தை முன்னரே கேட்டு அவரைத் தீர்மானிக்கப் பழக்குதல் ஒன்று. ஓய்வு பெற்ற பெரியோரை, நம் கல்லூரிப் பழைய மாணவர் உட்பட, வாரந்தோறும் அழைத்து மாணவர்க்கு வழிகாட்டச் செய்தல் மற்றொன்று. கடந்து வந்தாரும் கடக்க நிற்பாரும் ஒருங்கிருப்பின், இருவர் தனிமையும் நீங்கும். இருபத்தொரு திங்களுக்குள் பத்துப் பருவங்கள் கண்ட தமிழர்க்கு இஃது அரிய செயலன்று.