பனம்பழம் விழுங் காலம்

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போல" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு செயல்கள் ஒரே வேளையில் நிகழ்ந்துவிட்டால் இதனைச் சொல்வோம். வடமொழியாளரும் இதனையே காகதாலீய நியாயம் என்பர். பழமொழி அளவில் இது பொருத்தமே. ஆனால் பனை நின்ற வளவிலே பிறந்து வளர்ந்தோருக்குப் பனம்பழம் விழுவது தற்செயலாகத் தோன்றுவதில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடியமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுற்று, கீரிமலையில் நீராடியோர் வீடு திரும்பிச் சில நாட் செல்ல, காங்கேசன்துறைப் பக்கத்து வளவுகளில் இரவிலே "தொப்"பென்ற ஓசை கேட்கத் தொடங்கும். ஆவணியும் புரட்டாதியும் முழுவதும் அந்த ஓசை ஓயாது. காகம் வந்தாலும் வராவிட்டாலும் பழம் விழும். விழுந்த பழத்தை என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

முன்னாளில் இக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கிழக்கு வெளுக்குமுன் வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் கடகத்தோடு வளவுக்குட் புகுவர். அவர்கள் பிந்தினால் மாடு முந்திவிடும். சீவாத தலையோடு திரியும் பிள்ளையை "மாடு சூப்பின பனங்கொட்டை" என்று இன்றும் கேலி செய்கின்றோம். அவ்வாறு கேலி செய்வோரில் எத்தனை பேர் மாடு சூப்பிய பனங்கொட்டையைக் கண்ணாற் கண்டிருப்பர் என்பது ஐயமே. விழுந்த பழம் அன்றே எடுக்கப்படல் வேண்டும் என்பது அக்காலக் குடும்ப ஒழுங்கு. ஒரு நாள் கிடந்தால் எறும்பு மொய்க்கும். இரு நாள் கிடந்தால் புளித்து நாறும். மூன்றாம் நாள் அது இலையானுக்கே உரியதாகிவிடும்.

எடுத்த பழத்தின் கதையைச் சற்று விரித்துச் சொல்வோம். இன்றைய மாணவர்களில் பலர் இதனை அறியார்.

பழத்தைக் கழுவி, தலைப்பக்கத்து மூடியை நீக்கி, கறுத்த தோலை உரித்தால், உள்ளே செம்மஞ்சள் நிறத் தும்பும் களியும் கொட்டையைச் சுற்றிப் பற்றியிருக்கும். கரட்டுக் கிழங்குக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் வகைப் பொருள்களே இக் களிக்கும் நிறத்தைக் கொடுக்கின்றன. சிறிது நீர் தெளித்துப் பிசைந்தாற் களி இறங்கும். அதனை வடித்துக் காய்ச்சி, சீனியும் மாவுஞ் சேர்த்து எண்ணெயிற் பொரித்தெடுப்பது பனங்காய்ப் பணியாரம். அதன் மணம் நாலு வீட்டுக்கு அப்பாலும் செல்லும்; பணியாரஞ் சுட்ட செய்தியை அயலாருக்கு மறைக்க இயலாது. பழத்தை நெருப்பிலே சுட்டுச் சூப்புவோரும் உளர்.

பழங்கள் மிகுதியாகச் சேரும் வீட்டிற் பனாட்டுப் போடுவர். பந்தலின்மேற் பாயை விரித்து, களியை மெல்லிய படையாகப் பூசி வெயிலிற் காயவிடுவர். அது காய்ந்தபின் அதன்மேல் மற்றொரு படை, மறுநாள் இன்னொன்று. விரற்கனம் வந்ததும் உரித்து மடித்து, ஓலைப் பெட்டியில் இட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்திற் கட்டித் தூக்குவர். ஆவணி வெயில் போய் ஐப்பசி மழை வருமுன் இவ் வேலை முடிய வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை "அம்மா, பசிக்குது" என்றால், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள்.

களியிலே ஒரு கைப்புண்டு. பிளாபெலிபெரின் என்னும் சப்போனின் வகைப் பொருளே அதற்குக் காரணம் என இரசாயன ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். சப்போனின் என்பது நீரிற் கலக்கினால் நுரை தள்ளும் இயல்புடையது. நம் பாட்டிமார் இப் பெயரை அறியார். ஆனால் அதன் இயல்பை நன்கறிந்திருந்தனர். சவர்க்காரம் கிடைக்காத காலத்திலே அவர்கள் பனம்பழத்தைக் கொண்டு துணி தோய்த்தனர். துணி வெளுத்தது, ஆனாற் பழவாசம் போகவில்லை. கொடியிற் காயப்போட்ட வேட்டியை மாடு சப்பிவிட்டது என்ற முறைப்பாடு அக்காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது.

களி எடுத்த பின்னரும் பழத்தின் பயன் முடிந்துவிடவில்லை. பழத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை கொட்டைகள் இருக்கும். அவற்றை வேலியோரமாகக் குவித்து வைத்து, புரட்டாதி மாதத்திற் பாத்தி போடுவர். மண்ணைக் கொத்திப் பொருபொருக்கச் செய்து, மேடாக உயர்த்தி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மெல்லிதாக மண் தூவி விடுவர். நீர் இறைக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையே போதும். பனையின் முளை பிற விதைகளைப் போல முதலில் மேலே எழாது. கொட்டையை விட்டு நேரே கீழ்நோக்கி மண்ணுட் புகும். அது உணவைச் சேர்த்து வைக்கும் இடமே கிழங்கு. மண்ணை மேடாக்குவது கிழங்கு நேராக இறங்குவதற்காகவும், பின்பு முறியாமற் கிண்டி எடுப்பதற்காகவுமாம்.

தை, மாசியிற் பாத்தி கிண்டுவர். கிழங்கை அவித்துத் தின்னலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே வெண்ணிறப் பூரான் இருக்கும். பிள்ளைகளுக்கு அதிற் கொள்ளை ஆசை. எஞ்சும் ஊமல் அடுப்புக்கு விறகாகும். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கைப்பைப் போக்கியபின் பிட்டு அவிக்கலாம். மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்துக் கூழ் காய்ச்சலாம். ஊறவிட்டுப் பிழியும் வேலையை இளந் தாய்மார் சோம்பலினால் விட்டுவிடலாகாது. பச்சை மா உடம்புக்கு ஒவ்வாது.

ஆவணியில் விழுந்த ஒரு பழம் அடுத்த ஆவணி வரை ஒரு குடும்பத்துக்கு உணவாக நின்றது. 1990ஆம் ஆண்டுகளிற் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டுக்குள் மாவும் சீனியும் எரிபொருளும் அருகிய காலத்தில், மறந்துபோன ஒடியலும் புழுக்கொடியலும் மீண்டும் நம் அடுக்களைக்கு வந்தன. அதனை நேரிற் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

அதே ஆண்டுகளிற் காங்கேசன்துறையில் நிகழ்ந்தது வேறு. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது, புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஆவணியிலும் அங்கே பனம்பழங்கள் விழுந்தன, பொறுக்குவாரில்லை. போர் 2009இல் முடிந்த பின்னும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அயலிலுள்ள மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு மக்கள் செல்ல 2017 ஆயிற்று. விடுவிக்கப்படாத காணிகள் இன்னமும் உள. 2015இற் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது. வளவுக்குச் சொந்தக்காரர் பலர் இன்னும் வரவில்லை.

அண்மையில் அப்பக்கத்து வளவொன்றுக்குச் செல்ல நேர்ந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மாத்திரமே தெரிந்தது. கிணற்றடிக்குச் செல்லவும் வழியில்லாதபடி வடலிகள் அடர்ந்து நின்றன. திரும்பிவந்து கொட்டிலிட்டுக் குடியிருந்த ஆச்சி ஒருவர், கருக்கு மட்டை கிழிக்காமல் என்னைக் கவனமாக அழைத்துச் சென்றார். "இவ்வளவு வடலியையும் ஆர் ஆச்சி நட்டது?" என்று வினவினேன்.

"ஒருத்தரும் நடேல்லைத் தம்பி. நாங்கள் பொறுக்காமல் விட்ட பழம் எல்லாம் இப்பிடி நிக்குது" என்றார்.

அவர் துயரத்தோடு அதனைச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆயினும் எனக்கு அன்று முழுவதும் வேறொன்றும் ஓடவில்லை. நாம் எடுத்த பழம் உணவாகின்றது. எடுக்காது விட்ட பழம் மரமாகின்றது. பனை காய்ப்பதற்குப் பதினைந்து ஆண்டளவு செல்லும். எனவே அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தாமாக முளைத்தவற்றுள் முந்தியவை இன்று தாமும் பழம் விழுத்துகின்றன. அவற்றின் கீழ் மறுபடியும் பழம் கிடந்து அழுகுகின்றது. ஊருக்கு மீண்டோர் வீடு கட்டும் கவலையிலும் கடன் தீர்க்கும் கவலையிலும் இருக்கின்றனர். அகதி முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாத்தி போடத் தெரியாது. தெரிந்த ஆச்சிமார் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இதுவே என்னை இப் பத்தியை எழுதத் தூண்டியது.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்வேன்.

முதலாவது, எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணிக்குட் பழம் பொறுக்கப் பிள்ளைகளை விடலாகாது. எவ்வளவு பழம் கிடந்தாலும் கிடக்கட்டும். பழம் விழுங் காலத்திற் காற்று வீசும் வேளையிலே பனையின் கீழ் நிற்பதும் தகாது. உயர்ந்த மரத்திலிருந்து விழும் பழத்தின் எடையைத் தலை தாங்காது.

இரண்டாவது, பங்கீடு. விழும் பழம் முழுவதையும் உணவாக்கவும் வேண்டாம். முழுவதையும் மண்ணுக்கு விடவும் வேண்டாம். நல்ல களியுள்ள, கைப்புக் குறைந்த பழம் தரும் மரத்தை வீட்டார் அறிவர். அம் மரத்துக் கொட்டைகளிற் சிலவற்றை எல்லையோரத்தில், பத்தடிக்கு ஒன்றாக, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுக. பனையைப் பிடுங்கி நடுவது எளிதன்று. முளைப்பது ஆணா பெண்ணா என்பது பூக்கும் வரை தெரியாதாகையால் வேண்டியதற்கு மேலாகவே ஊன்றுதல் நன்று. கிணற்றடியிலும் பாதையிலும் முளைத்தவற்றை மட்டும் இளமையிலே நீக்கிவிடலாம்.

மூன்றாவது, அயல் வளவு. சொந்தக்காரர் இலண்டனிலோ தொரொன்றோவிலோ இருக்கின்றார். அவர் வளவிற் பழம் அழுகுகின்றது. அடுத்த வளவில் இருப்பவர் கேளாமல் எடுக்கக் கூசுகின்றார். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையில், நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் மற்றொருவருக்கும் உரியதாகலாம் என்ற வழக்கம் இடம்பெற்றுள்ளது. மரத்தின் பயனைப் பங்கிட்டுக் கொள்வது நமக்குப் புதிதன்று. ஆகவே வெளிநாட்டிலுள்ள அன்பர்களே, தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "பழத்தைப் பொறுக்குங்கோ, எல்லைக்கு நாலு கொட்டை ஊன்றி விடுங்கோ." உங்களுக்கு இதில் நட்டமில்லை. உங்கள் எல்லை காக்கப்படும். அயல் வீட்டிற் பணியாரமும் சுடப்படும்.

நான்காவது, பனையல்லாத மரங்கள். வேப்பங்கொட்டையைக் கூட்டி அள்ளி உலர்த்தி வைத்தால், அதன் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவிட்டு வடித்து, கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூச்சி மருந்தாகத் தெளிக்கலாம். இலுப்பைக் கொட்டை விளக்குக்கு எண்ணெய் தரும். விழுந்த பலாவின் கொட்டை கூழுக்காகும். தென்னையின் கீழ் அணில் கோதிய கோம்பைகளையும் சிரட்டைகளையும் மழைக்குமுன் அகற்றிவிடுக. கார்த்திகை மழைநீர் அவற்றில் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும். ஆண்டுதோறும் மாரியில் யாழ்ப்பாண ஆசுபத்திரிகள் இதனால் நிறைகின்றன. அழுகும் குப்பையிலே தென்னையை அழிக்கும் காண்டாமிருக வண்டும் பெருகும்.

பனை சார்ந்த தொழில்களை வளர்ப்பதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவகமும் உண்டு. சபையின் கடைகளிற் பனாட்டும் ஒடியல் மாவும் வாங்கலாம், வாங்குதல் நன்றே. ஆயினும் கடையில் வாங்குவோருக்குப் பாத்தி போடத் தெரிய வேண்டியதில்லை. நான் அஞ்சுவது அந்த அறிவு ஒழிந்து போவதற்கே.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். இந்த ஆவணியில் உங்கள் வீட்டு ஆச்சியையோ அப்பாச்சியையோ கூட்டிக்கொண்டு வளவுக்குச் செல்லுங்கள். பத்துப் பழம் பொறுக்குங்கள். அவர் சொல்வதைக் கேட்டு நீங்களே களி பிசையுங்கள். கை நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டைகளை எண்ணிப் பாத்தியில் அடுக்குங்கள். எத்தனை அடுக்கினீர்கள், எத்தனை முளைத்தன என்று ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். தைப்பொங்கல் கழிந்தபின் அவரையே கூப்பிட்டுப் பாத்தியைக் கிண்டுங்கள். வளவில்லாதோர் வளவுள்ள நண்பரோடு சேர்ந்து கொள்ளலாம்.

கிண்டும்போது ஒரு மூலையில் நாலு கொட்டையைத் தொடாமல் விட்டுவிட மறவாதீர்கள்.