மைலேஜ் மருந்தா, மயக்க மருந்தா?

திரேஸ்புரத்தில் மீன் விற்ற காசில் டீசலும் ஐசும் கழித்த பிறகுதான் பங்கு. அந்த வள்ளக்காரரிடம் போய், "ஒரு மூடி ஊத்துங்க அண்ணாச்சி, டீசல்ல 20 சதவீதம் மிச்சம்" என்றால் கை நீளத்தான் செய்யும். கார்காரரும் இதற்கு மயங்குகிறவர்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போமா? நல்ல நிலையில் உள்ள எஞ்சின், போட்ட எரிபொருளில் 97 சதவீதத்துக்கு மேல் எரித்துவிடுகிறது. வீணாவதெல்லாம் புகையோடும் கூலிங் தண்ணீரோடும் போகும் சூடு. அதை எந்த மருந்து பிடித்து நிறுத்தும்? எரியாமல் மிஞ்சும் 3-க்குள் 20-ஐ எங்கே தேடுவது? இதற்கு பி.காம். முதல் வருடம் போதும் :-)

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் மருந்துகளையும் சோதித்தது. மிகச் சிலவற்றில்தான் கொஞ்சமாவது பலன். இன்ஜெக்டரில் படிந்த அழுக்கைக் கழுவும் மருந்து உண்டு, உண்மை. இழந்த மைலேஜை அது திருப்பித் தரலாம், புதிதாகக் கூட்டாது.

1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலுக்குத் தமிழ்நாடே வாய் பிளந்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது. அப்புறமும் பாட்டிலை நீட்டினால் வாங்குகிறோமே!

வள்ளத்தின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டினாலே டீசல் குறையும். கார் என்றால் டயரில் காற்று. இரண்டுக்கும் கமிஷன் கிடையாது, அதுதான் யாரும் விற்க வருவதில்லை.