குளிர்கிறது என்று பொய் சொல்லும் பெட்டி

சென்ற மாதம் மருமகன் முறையான இளைஞன் ஒருவன், தான் புதிதாக வாங்கிய பொருளொன்றைக் காட்டுவதற்காக வீட்டுக்கு வந்திருந்தான். தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடையொன்றில் வாங்கியதாம். விலையைக் கேட்டபோது தலையைச் சொறிந்தான்.

“இதைப் பூட்டினா இழுவையே வேற மாமா. பெற்றோலும் மிச்சம்” என்றான்.

இழுவையும் கூடும், பெற்றோலும் குறையும்! பத்திரிகைத் தொழிலில் காலமெல்லாம் தேர்தல் விஞ்ஞாபனங்களை வாசித்துப் பழகியவனுக்கு, ஒரே மூச்சில் இரண்டு வரங்களைத் தருவதாகச் சொல்பவர்களைக் கண்டால் ஐயம் பிறப்பது இயல்பே. அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்து அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காபரேற்றர் காலத்தில் இந்தக் கலவையைத் தீர்மானித்தவை ஜெற், ஊசி, ஒரு சிறிய திருகாணி ஆகியவையே. இன்றைய வண்டிகளில் அந்த வேலையைச் சிறு கணினி ஒன்று செய்கிறது. உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை ஓர் உணரி அதற்கு அறிவிக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, ஒட்சிசனும் அதில் அதிகம். ஆகவே காற்று குளிர்ந்திருக்கிறது என்று உணரி சொன்னால், கணினி கூடுதலான பெற்றோலை விசிறும்.

மருமகனின் பெட்டி இந்த உணரிக்கும் கணினிக்கும் இடையில் தரகன்போல் அமர்ந்துகொள்கிறது. உண்மையான வெப்பநிலையை மறைத்து, 20 பாகை வரை குறைத்துச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் தார் உருகும் வீதியில் நிற்கும் வண்டி, தான் நுவரெலியாவில் நிற்பதாக நம்பிக்கொண்டு பெற்றோலை அள்ளி ஊற்றுகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். பெற்றோலைக் கூட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கருவி பெற்றோலை எவ்வாறு மிச்சப்படுத்தும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, மருமகனும் கேட்கவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பரிசோதித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவில் மிச்சப்படுத்திய ஒன்றையேனும் அது காணவில்லை. 2022ஆம் ஆண்டில் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காகக் கைத்தொலைபேசியில் கியூஆர் குறியீட்டை ஏந்தியபடி வரிசையில் நின்றவன் இந்த மருமகன். அதே பெற்றோலை வீணாக்குவதற்கு இன்று காசு கொடுத்துக் கருவி வாங்கியிருக்கிறான்.

இழுவையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். கலவை சற்றுச் செறிவாக, 13க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், எஞ்சின் கூடிய வலுவைத் தரும் என்பது உண்மை. “புகைச் சட்டங்களுக்குப் பயந்து தொழிற்சாலைக்காரன் எஞ்சினின் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறான், நாங்கள் அதை அவிழ்த்து விடுகிறோம்” என்று இப்பெட்டிகளின் ஆதரவாளர்கள் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. கைப்பிடியை முறுக்கும்போது சில வண்டிகள் தயங்குவதும், புகைபோக்கியை மாற்றிய வண்டிக்குக் கலவையையும் மாற்றவேண்டி வருவதும் உண்மையே. ஆயினும் தொழிற்சாலைக்காரன் 14.7ஐப் பிடித்துக்கொண்டிருப்பது கஞ்சத்தனத்தால் அன்று. புகைபோக்கிக்குள் நஞ்சைக் குறைக்கும் ஊக்கி மாற்றி ஒன்று இருக்கிறது. அந்த அளவை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் மாத்திரமே அது தன் கடமையைச் சரிவரச் செய்யும். கலவை செறிவடைந்தால் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் வெளியேறும். ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வது இந்தக் காபனோரொட்சைட்டு. அதை மூக்கால் அறிய முடியாது.

இன்னுமொரு வேடிக்கை. புகைபோக்கியில் ஒட்சிசன் உணரி பூட்டிய வண்டிகளில், நிதானமாக ஓடும்போது, பெட்டி சொன்ன பொய்யைக் கணினி கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. கைப்பிடியை முழுமையாக முறுக்கும்போதுதான் மேலதிகப் பெற்றோல் முழுதாக உள்ளே போகிறது. அதாவது சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததும் சீறிப் பாயும் அந்தக் கணத்தில். பின்னால் நிற்பவர்கள் யார்? பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய முச்சக்கரவண்டியும், சைக்கிளில் கீரைக்கட்டோடு வரும் கிழவரும்.

இது பஞ்சிகாவத்தையின் சில்லறை வியாபாரம் மாத்திரம் என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. உலகப் புகழ்பெற்ற ஹார்லி டேவிட்சன் நிறுவனமே, தனது வண்டிகளின் கலவையை மாற்றியமைக்கும் கருவிகளை 2008 முதல் ஏறத்தாழ 3,40,000 விற்றிருந்தது என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. பந்தயத் திடலில் ஓடும் வண்டிகளுக்கு மாத்திரம் உரியவை என்பதே நிறுவனத்தின் பக்கத்து நியாயம். மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் பந்தய வண்டிகளாம்! அத்தனை வண்டிகளும் ஓடுவதற்கு எத்தனை திடல்கள் வேண்டும்? விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், இரண்டு தரப்பாரும் கண்ணடித்துக்கொண்டு பணத்தைக் கைமாற்றினார்கள். ‘பந்தயத்துக்கு மாத்திரம்’ என்ற வாசகம் சட்டத்தைக் கடப்பதற்கான அனுமதிச் சீட்டாகவே பயன்பட்டது.

2016 ஆகஸ்டில் வழக்கு இணக்கத்துக்கு வந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1 கோடியே 20 இலட்சம் டொலர் தண்டம் கட்டவும், விற்பனையாளரிடம் எஞ்சியிருந்த கருவிகளைத் திருப்பி வாங்கி அழிக்கவும், இனி விற்பவற்றுக்குக் கலிபோர்னியாவின் சான்றிதழைப் பெறவும் சம்மதித்தது. பெருந்தொகை என்று தோன்றுகிறதல்லவா? கருவிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 35 டொலர். பல நூறு டொலருக்கு விற்ற பொருளுக்கு 35 டொலர் தண்டம்! இதற்கு மேலாக, காற்றைத் துப்புரவாக்கும் திட்டமொன்றுக்கு 30 இலட்சம் டொலர் செலவிடவும் நிறுவனம் உடன்பட்டிருந்தது. ஆட்சி மாறிய பின், 2017 ஜூலையில், அமெரிக்க நீதித் திணைக்களம் அந்த நிபந்தனையையும் கைவிட்டது. காற்றை அசுத்தப்படுத்தியதற்கான தண்டம் திறைசேரிக்குப் போயிற்று, காற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கலவையை மாற்றவே கூடாது என்பதல்ல எனது வாதம். மேற்சொன்ன கலிபோர்னியச் சான்றிதழ் முறை ஒரு நேரான வழி. கருவியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, நஞ்சு கூடவில்லை என்று நிரூபித்துவிட்டு எவரும் அங்கே விற்கலாம். வழி திறந்திருக்கும்போதே மதிலேறிக் குதிப்பவரை என்னவென்று அழைப்பது?

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“நீங்கள் எல்லாரும் அந்த நேரம் மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள்தானே மாமா? அப்ப புகை வரேல்லையா?”

நல்ல கேள்வி. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. கறுப்புச் சந்தையில் கிடைத்த பெற்றோலைத் துளிக்கணக்கில் கையாண்டோம். சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதன் வாயில் ஒரு குழாய். காபரேற்றருக்குள் அதைப் பீச்சி எஞ்சினை உதைத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். செய்தி சேகரிக்கப் போன வழியில் வண்டி நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடியும் உதைக்கவேண்டும். உதைத்து உதைத்து முழங்கால் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் போத்தலும் கலவையை மாற்றும் கருவிதான், மறுக்கவில்லை. புகையும் வந்தது, கண்ணும் எரிந்தது. ஆனால் அதைப் பூட்டியவர்கள் இழுவைக்காகப் பூட்டவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கவில்லை. எங்கள் வண்டி புகைக்கவில்லை என்று நாங்கள் எவருக்கும் பத்திரம் காட்டவும் இல்லை.

பத்திரம் என்றதும் நமது புகைப் பரிசோதனை நினைவுக்கு வருகிறது. 2008 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஏற்பாடு நல்லதே. ஆனால் காபரேற்றர் வண்டிக்காரர் பலர் பரிசோதனைக்குப் போகும் காலையில் கராஜில் நிறுத்தித் திருகாணியைத் திருப்பிக் கலவையை மெலிய வைப்பதையும், பத்திரம் கையில் கிடைத்ததும் பழையபடி திருப்பிவிடுவதையும் நானே நேரில் பார்த்திருக்கிறேன். வருடத்தில் ஒரு நாள் ஒழுக்கம், மற்றைய 364 நாளும் விடுமுறை. ஹார்லிக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு ஏது யோக்கியதை?

பெட்டி இன்னமும் மருமகனின் வண்டியில்தான் இருக்கிறது. போன கிழமை பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அடுப்புக்கரிபோல் கறுத்திருந்தது. “அது பெற்றோல் சரியில்லை மாமா” என்றான். அவனுடைய புகைப் பரிசோதனை அடுத்த மாதம் வருகிறது. அன்று காலையில் பெட்டியைக் கழற்றி, மாலையில் மறுபடியும் பூட்டித் தருவதாகக் கராஜ்காரர் இப்போதே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டாராம்.